நேராக நின்ற தூண்: வெள்ளவத்தை வீடொன்றின் பலகைத் தளத் திருத்தம்

பின்னணி

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையின் கடைசி வீடு. பின்வளவு கால்வாய்ப் பக்கமாகச் சரிந்து இறங்குகிறது. சமையலறை வாசலுக்கும் வளவுக்கும் இடையில் ஓர் ஆளை விட உயரமான இறக்கம். அந்த இறக்கத்தை வீணாக்காமல் 2015இல் வீட்டுக்காரர் ஒரு பலகைத் தளம் கட்டுவித்திருந்தார். நீளம் 4.8 மீற்றர், அகலம் 3.6 மீற்றர், நிலத்திலிருந்து உயரம் 2.1 மீற்றர். கிழக்குப் பக்கம் வீட்டுச் சுவரோடு போல்ட்டில் பூட்டிய சட்டத்தில் தங்கியிருந்தது. மேற்குப் பக்கத்தை 1.2 மீற்றருக்கு ஒன்றாக ஐந்து மரத்தூண்கள் தாங்கின. தூண்கள் நாலுக்கு நாலு அங்குலம். தூணின் இருபுறமும் பலகை வைத்துப் பூட்டிய இரட்டை விட்டம். அடிப்பகுதி நேரே கொங்கிரீட்டுக்குள் புதைக்கப்பட்டிருந்தது. தெற்கிலிருந்து வடக்காக 1 முதல் 5 வரை தூண்களுக்கு எண் கொடுத்தேன். கீழேயும் அந்த எண்களையே பயன்படுத்துகிறேன்.

வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அவருடைய மனைவி, எண்பது வயதைத் தாண்டிய தாயார். தளத்தைக் கூடுதலாகப் பயன்படுத்துபவர் தாயார்தான். காலையில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவார். வெயில் காலத்தில் சுளகில் மோர்மிளகாய் காயப்போடுவார்.

ஒக்டோபர் இரண்டாம் வாரத்தில் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, நடுத்தூண் வில்லுப்போல் வளைந்துவிட்டது. தைப்பொங்கலுக்கு மகளின் குடும்பம் வருகிறது. அதற்குள் நிமிர்த்தித் தர முடியுமா?”

முதல் வருகை

போய்ப் பார்த்தபோது 3ஆம் தூண் உண்மையாகவே கண்ணை உறுத்தியது. மேலும் கீழும் இரண்டு ஆணி அடித்து நூல் கட்டி அளந்தேன். நடுவில் 38 மில்லிமீற்றர் விலகல். வெயில் படும் மேற்கு முகம் குழிந்தும், நிழலில் இருக்கும் வீட்டுப் பக்கம் புடைத்தும் இருந்தது. தளம் வெளிப்பக்கமாகச் சாய்வதால்தான் தூண் வளைந்தது என்று வீட்டார் பயந்திருந்தார்கள். தளம் தூணைத் தள்ளியிருந்தால் தலை வெளியே போயிருக்கும். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்ததில் தலையும் அடியும் ஒரே நேரில் இருந்தன. வயிறு மட்டும் உள்ளே வந்திருந்தது. சுமையின் வேலை அல்ல இது, மரம் காய்ந்ததன் வேலை.

மரம் காயும்போது சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்காது. ஆண்டு வளையங்களின் வட்டத்தை ஒட்டிய சுருக்கம், மையத்திலிருந்து வெளியே போகும் திசையின் சுருக்கத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. நீளவாக்கில் மிகக் குறைவு. அந்தக் குறைந்த நீளச் சுருக்கம் ஒரு முகத்தில் கூடி மறுமுகத்தில் குறைந்தாலே ஏழடித் தூணை வளைத்துவிடப் போதும். 3ஆம் தூணின் ஒரு முகம் முழுக்க வெள்ளை (மரத்தின் வெளிப்பக்க இளம் பகுதி), மறுமுகம் வைரம் (முற்றிய உட்பகுதி). பச்சையாக நட்டு, மாலை வெயிலுக்கு ஒரு பக்கத்தைக் கொடுத்து, மறுபக்கத்தைத் தளத்தின் கீழ் நிழலில் விட்டால் வேறென்ன நடக்கும்?

4ஆம் தூண் வளையவில்லை, முறுகியிருந்தது. மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு நேர்க்கோல்களைப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் கோல்கள் கத்தரிபோல் விலகின. சரிந்தோடும் நார் உள்ள மரம் காயும்போது இப்படித்தான் திருகும். இதனால் விட்டப் பலகைகள் தூணின் முகத்தில் படியாமல் மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன.

எனக்கு முன்பே யாரோ ஒருவர் வைத்தியம் பார்த்திருந்தார். வீட்டு அத்திவாரத்துக்கும் 3ஆம் தூணின் வயிற்றுக்கும் இடையில் ஒரு முட்டுக்கட்டையை ஆப்பு வைத்து இறுக்கியிருந்தார்கள். அது தூணை நிமிர்த்தவில்லை. தூணின் தலையில் போல்ட் துளையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பிளவைத்தான் தந்திருந்தது. காய்ந்து வளைந்த மரத்தை ஆப்பால் நிமிர்த்த முடியாது. விட்டதும் பழைய இடத்துக்கே போகும், அல்லது பிளக்கும். அந்தத் தூணில் கழிவு என்ஜின் எண்ணெயும் பூசப்பட்டிருந்தது. அது மரத்தைக் கறுப்பாக்கும், தொட்டவர் சட்டையைக் கெடுக்கும், உக்கலைத் தடுக்காது.

அன்று நான் மூன்று விடயங்களைச் சொன்னேன். ஆப்பைக் கழற்றுவது. 3, 4ஆம் தூண்களில் நூலைக் கட்டியபடி விட்டு மூன்று வாரம் கழித்து அளந்து, வளைவு இன்னும் நகர்கிறதா, நின்றுவிட்டதா என்று பார்ப்பது. அதுவரை தளத்தின் வடக்குப் பாதியை மூடிவைப்பது. “தெற்குப் பக்கம் நேராக இருக்கிறது, பரவாயில்லை” என்றேன்.

இந்த ஆய்வை எழுதுவதற்கே காரணம் அந்தக் கடைசி வசனம்தான்.

கணக்கு

வீட்டுக்குத் திரும்பியதும் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். நடுத்தூண் ஒவ்வொன்றும் தாங்கும் பரப்பு 1.2 மீற்றருக்கு 1.8 மீற்றர், அதாவது 2.16 சதுர மீற்றர். ஆட்களுக்கும் தளபாடங்களுக்கும் சதுர மீற்றருக்கு 200 கிலோவும் மரத்தின் சொந்தப் பாரத்துக்கு 50 கிலோவும் எடுத்தால் ஒரு தூணில் 540 கிலோ. தூணின் வெட்டுமுகத்தில் இது சதுர சென்ரிமீற்றருக்கு ஐந்தரைக் கிலோ கூட இல்லை. வளைவு 38 மில்லிமீற்றர் என்பதால் வரும் கூடுதல் வளைப்பு ஏறத்தாழ 20 கிலோகிராம்-மீற்றர். அதனால் வரும் தகைப்பு சதுர சென்ரிமீற்றருக்குப் பன்னிரண்டு கிலோ அளவில். சாதாரண வன்மரம் இதைப்போல் பல மடங்கு தாங்கும்.

ஆக, எல்லோரையும் பயமுறுத்திய 3ஆம் தூண் பாரம் தாங்குவதில் சளைக்கவில்லை. முறுகிய 4ஆம் தூணில் சிக்கல் தூணில் அல்ல, விட்டம் படியும் இடத்தில். அவசரம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கணக்கு, தூண் முழுத் தூணாக இருக்கிறது என்று நம்பிப் போட்ட கணக்கு.

இரண்டாம் வருகை

இடையில் தீபாவளி வந்தது. நவம்பர் நடுவில் ஓடாவியார் (தச்சர்) ஒருவரையும் அழைத்துக்கொண்டு போனேன். நூலில் மாற்றம் இல்லை. 38 இன்னும் 38தான். மரம் நகர்ந்து முடித்துவிட்டது. ஈரமானியில் 3ஆம் தூணின் நடுப்பகுதி 17 சதவீதம் காட்டியது. கொழும்பின் காற்றில் மழை படாத மரம் 15, 16 சதவீத அளவில் வந்து நிலைகொள்ளும். அதற்கு ஏற்ற அளவுதான்.

முட்டுக் கொடுக்க இடம் பார்ப்பதற்காக 1ஆம் தூணின் அடியிலிருந்த பூச்சாடிகளை ஓடாவியார் நகர்த்தினார். துளசி, கறிவேப்பிலைக் கன்று, பெயர் தெரியாத இரண்டு குரோட்டன். தூணின் அடியைச் சுற்றி நெருக்கமாக வைத்திருந்ததால் முதல் நாள் நான் அந்தப் பக்கம் குனிந்துகூடப் பார்க்கவில்லை. சாடிகளுக்குப் பின்னால் பெயின்ற் பளபளப்பாக இருந்தது. ஓடாவியார் சுத்தியலின் பின்புறத்தால் தட்டினார். மற்றத் தூண்கள் ‘டங்’ என்றன. இது ஈரத் தலையணையில் தட்டியதுபோல் சத்தமே இல்லாமல் வாங்கிக்கொண்டது. குத்தூசியை வைத்து உள்ளங்கையால் அழுத்தினேன். பிடிவரை போய்விட்டது. வெளியே எடுத்தபோது ஊசியோடு வந்தது மரமல்ல. நனைந்த தேயிலைச் சக்கைபோன்ற பழுப்புத் தூள். நான்கு முகமும் இப்படிக் குத்திப் பார்த்ததில், நிலத்தோடு ஒட்டிய இடத்தில் நல்ல மரம் ஒரு மூலையில் ஓர் அங்குலம் அளவுதான் மிஞ்சியிருந்தது. பெயின்ற் தோல்தான் தூணின் வடிவத்தைப் பிடித்து வைத்திருந்தது.

காரணம் மேலே இருந்தது. கூரைப் பீலியின் தெற்கு முனை இலைச் சருகால் அடைபட்டு, மழைதோறும் நீர் வழிந்து நேரே இந்தத் தூணில் இறங்கியிருக்கிறது. கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை; மே மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் மிகக் கூடுதலாகக் கொட்டும். கொங்கிரீட்டில் புதைத்த தூணின் அடி ஒரு கிண்ணத்துக்குள் நிற்பதுபோல. காயும்போது மரம் சுருங்கிக் கொங்கிரீட்டுக்கும் மரத்துக்கும் இடையில் மயிரிழை இடைவெளி வரும். அதற்குள் இறங்கும் நீர் வெளியேற வழியில்லை. மரத்தின் வெட்டுமுனை பக்கங்களை விடப் பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் உக்கல் பூஞ்சணம் வளராது. 1ஆம் தூணின் அடியில் ஈரமானி காட்டக்கூடிய எல்லையையே தாண்டிவிட்டது. பூச்சாடிகளுக்கு நாள்தோறும் ஊற்றிய தண்ணீரும் தன் பங்கைச் செய்திருக்கிறது. கறையான் புற்று எங்கும் காணவில்லை.

தீபாவளியன்று எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டேன். “பதினொரு பேர். நீங்கள் சொன்னபடி வடக்குப் பக்கம் கதிரை போடவில்லை, எல்லோரையும் இந்த மூலையில்தான் இருத்தினோம்” என்றார் ஆசிரியரின் மனைவி. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

அன்றே தளம் முழுவதையும் மூடினோம். சமையலறைப் பின்கதவைப் பூட்டித் திறப்பை ஆசிரியர் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அறிவித்தல் எழுதி ஒட்டுவதையோ கதிரையைக் குறுக்கே வைப்பதையோ நான் நம்புவதில்லை. மோர்மிளகாய்ச் சுளகு எந்தக் கதிரையையும் தாண்டிப் போகும்.

எடுத்த தீர்மானங்கள்

மூன்று வழிகள் இருந்தன. தளத்தையே கழற்றி இரும்பில் கட்டுவது. ஐந்து தூண்களையும் மாற்றுவது. கெட்டதை மட்டும் மாற்றி, எல்லாத் தூண்களின் அடியையும் கொங்கிரீட்டிலிருந்து விடுவிப்பது. மேலே குறுக்குச் சட்டங்களும் பலகைகளும் நன்றாக இருந்ததால் முதல் வழி வீண்செலவு. மூன்றாவதைத் தேர்ந்தோம்: 1, 4ஆம் தூண்கள் மாற்றம், 2, 3, 5ஆம் தூண்கள் அடியை அறுத்து, நிலத்துக்கு மேல் எழுப்பிய கொங்கிரீட் பீடத்தில் இரும்புக் காலணி வைத்து நிறுத்துதல். மரத்துக்கும் பீடத்துக்கும் இடையில் 50 மில்லிமீற்றர் காற்றோட்டம். ஆறு மில்லிமீற்றர்த் தகட்டில் வெல்டிங் பட்டறையில் காலணி செய்வித்து, வெல்டிங் முடிந்த பிறகே உருகிய துத்தநாகத்தில் தோய்க்கச் சொன்னோம். பூச்சுப் பூசிய தகட்டை வெட்டி ஒட்டினால் ஒட்டிய இடமே முதலில் துருப்பிடிக்கும்.

கடல் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. பழைய போல்ட்டுகளின் வெள்ளி மினுக்கம் எப்போதோ போய், கழுத்தில் மெலிந்திருந்தன. பழைய சோனகத் தெருவில் 316 தரத் துருவேறா உருக்குப் போல்ட் வாங்கினோம். தலையில் ஏ4 என்று பொறித்திருக்க வேண்டும். ஏ2 என்றால் அது 304, உப்புக் காற்றுக்கு அவ்வளவு போதாது. காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

மரம் தேடுவதில்தான் நாள் போனது. மொரட்டுவையில் ஓடாவியார் பார்த்த மரக்காலைகளில் ஐந்தங்குலக் கட்டைகள் எல்லாம் பச்சை. ஈரமானி 30க்கு மேல். அந்தப் பருமனில் மரம் உள்வரை காய மாதக்கணக்கு அல்ல, ஆண்டுக்கணக்கு ஆகும். அதை நட்டால் பத்தாண்டுக்கு முன் செய்த தவறைப் புது விலை கொடுத்துத் திரும்பச் செய்வதாகும். கடைசியில் பழைய வீடு இடித்த மரம் விற்கும் இடமொன்றில் முதிரை மர விட்டம் ஒன்று கிடைத்தது. ஆணித் துளைகள் நிறைந்த, பார்க்க அழகில்லாத மரம். ஆனால் 14 சதவீத ஈரம், முழுக்க வைரம். வளைய வேண்டியதையெல்லாம் இன்னொருவர் வீட்டுக் கூரையிலேயே வளைந்து முடித்துவிட்ட மரம். அதிலிருந்து ஐந்துக்கு ஐந்தாக இரண்டு தூண்கள் அறுத்தோம். உள்ளே முறிந்துகிடந்த ஓர் ஆணி வாளின் பல் இரண்டைத் தின்றது.

3ஆம் தூணை என்ன செய்வது என்பதில் எனக்கும் ஓடாவியாருக்கும் சிறு வாக்குவாதம். நான் அப்படியே விடலாம் என்றேன். அவர், “எப்படியும் அடியை அறுக்கிறோம் சேர். அரைவட்டம் திருப்பி வைப்போம். புடைத்த பக்கம் இனி வெயில் காயட்டும்” என்றார். இரட்டை விட்டம் என்பதால் திருப்புவதில் தடையில்லை. எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. கெடுதலும் இல்லை என்பதால் ஒத்துக்கொண்டேன். தலையின் பிளவை ஒரு குறுக்குப் போல்ட்டால் இறுக்கினோம்.

வேலை

டிசெம்பர் நடுப்பகுதியில் தொடங்கினோம். ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்துத் தூண்களைத் தொடுவதில்லை என்பது விதி. தூணின் இருபுறமும் திருகு முட்டு நிறுத்தி, விட்டத்தை இரண்டு, மூன்று மில்லிமீற்றருக்கு மேல் தூக்காமல், தூண் விடுபடும் அளவுக்கு மட்டும் பாரத்தை வாங்கிக்கொள்வது. அதற்கு மேல் தூக்கினால் சுவர்ப் பக்கப் பூட்டு இழுபடும்.

1ஆம் தூணில் முட்டின் திருகை ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. தூண் கையோடு ஆடியது. அது பாரமே தாங்கியிருக்கவில்லை. விட்டத்தின் தெற்கு முனை 2ஆம் தூணைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றிருக்கிறது. 2ஆம் தூணின் போல்ட் துளை நீள்வட்டமாக நசுங்கியிருந்ததற்கும் அதுதான் காரணம். நேராக நின்றது என்று நான் நற்சான்று கொடுத்த தூண் சும்மா நின்றது.

1ஆம் தூணைக் கழற்றிய அன்றிரவு கடும் மழை. முட்டின் கீழ் ஒற்றைப் பலகைதான் போட்டிருந்தோம். கால்வாய்ப் பக்கத்து மண் காலையில் களியாகியிருந்தது. முட்டு 12 மில்லிமீற்றர் இறங்கிவிட்டது. மூலைக் கைபிடியைச் சுவரோடு பிடித்த இரும்பு இழுபட்டு, கையகல சாந்து விழுந்திருந்தது. ஆளுக்கு ஒன்றும் இல்லை; கதவு பூட்டியிருந்தது. அதற்குப் பிறகு குறுக்கும் நெடுக்குமாக மூன்று அடுக்குப் பலகை போட்டு, மேலே தார்ப்பாய் கட்டி, காலையும் மாலையும் திருகைப் பார்த்தோம்.

ஒவ்வொரு பீடமும் பாரம் ஏறுமுன் ஏழு நாள் நனைத்து வைக்கப்பட்டதால் வேலை இழுத்தது. ஜனவரி கடைசி வாரத்தில்தான் முடிந்தது. பொங்கல் முன்வாசலில் நடந்தது. மகளின் பிள்ளைகள் பூட்டிய கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டியபடி தளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மறுபடி செய்வதானால்

முதல் நாளிலேயே ஐந்து தூண்களின் அடியையும் குத்தூசியால் குத்துவேன். வளைந்ததை அல்ல, எல்லாவற்றையும். சாடி, விறகு, துணி உலர்த்தும் கம்பி என எது மறைத்தாலும் நகர்த்திவிட்டு. அதற்குப் பத்து நிமிடம் போதும். பாதித் தளத்தை மட்டும் மூடச் சொல்லும் அரைகுறை ஆலோசனை இனி இல்லை. சந்தேகம் தீரும்வரை முழுத் தளமும் மூடியே இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது தூணை அல்ல, நீர் எங்கிருந்து வருகிறது என்பதை. பீலியை அன்றே துப்புரவாக்கியிருக்கலாம். முட்டின் கீழ்ப் பலகையைப் பற்றி எனக்குத் தெரியாததல்ல. காய்ந்த பகலில் உறுதியாக இருந்த மண்ணைப் பார்த்து ஏமாந்தேன்.

திருகிய தூணை மாற்றியது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். வளைந்ததை விட்டுவைத்ததும் சரி. ஆனால் வீட்டாருக்கு அந்தக் கணக்குத் தாளை முதலிலேயே விளக்கியிருக்க வேண்டும். ஆசிரியரின் மனைவி பல வாரங்களாக 3ஆம் தூணுக்கு நேர்மேலே கால் வைக்காமல் சுற்றிப் போனார்.

ஓராண்டுக்குப் பின்

வேலை முடிந்த நான்காம் மாதத்தில் எல்லாப் போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கினோம். பழைய தூண்களில் கால் சுற்று வாங்கின, முதிரைத் தூண்கள் அசையவில்லை. அடுத்த டிசெம்பரில் மறுபடி நூல் பிடித்தேன். 1, 4ஆம் தூண்களில் விலகல் இல்லை. 3ஆம் தூண் 38இலிருந்து 31க்கு வந்திருந்தது. திருப்பி வைத்ததாலா, ஆப்பும் புதைத்த அடியும் விட்டதாலா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் அளவு இல்லை. ஓடாவியாருக்கு அதில் சந்தேகமே கிடையாது.

திரும்பும்போது 1ஆம் தூணைப் பார்த்தேன். துளசிச் சாடி மறுபடி பீடத்தோடு ஒட்டி வந்திருந்தது. இரும்புக் காலணியின் கீழ்க் காற்றோட்ட இடைவெளியில் ஈர மண்ணும் சருகும் அடைந்திருந்தன. தூணின் அடியில் ஈரமானி 21 காட்டியது. விரலால் மண்ணை வழித்தெடுத்துக்கொண்டிருந்தபோது தாயார் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

“தம்பி, துளசிக்கு அங்கேதான் காலை வெயில் விழுகிறது.”

தூணிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, அதே வெயில் விழும் இடத்தில், மீந்துபோன பீடக் கொங்கிரீட் கட்டி ஒன்றைப் புரட்டி வைத்து அதன் மேல் சாடியை ஏற்றினேன். இரண்டு வாரம் கழித்து ஆசிரியர் அனுப்பிய படத்தில் சாடி அங்கேயே இருந்தது. கறிவேப்பிலைக் கன்று மட்டும் தூணருகே திரும்பியிருந்தது.